நாக்பூருக்கு நான்கு டயர்கள்

ரப்பர் சுத்தியல் டயரின் விளிம்பில் விழும்போதெல்லாம் கனகசபையின் தோள் தானாக இறுகித் தளர்ந்தது. தத். தத். தத். திருச்சி பாலக்கரை சாலையோரத்து டயர் கடையின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஆரோக்கியம் தரையில் குந்தி, பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இவனைவிட ஏழெட்டு வயது மூப்பு. முழங்கை வரை கறுப்பு. மூலையில் டயர் கழற்றும் மிஷின் சும்மா நின்றது. மிஷின் வேண்டாம், அதன் பல் ரிம்மைக் கடித்துவிடும், கையாலேயே செய்யுங்கள் என்று கேட்டது கனகசபைதான். பதினோரு நாள் உட்கார்ந்து அவனே உப்புத்தாள் தேய்த்து, தந்த நிறத்தில் நான்கு கோட் பெயின்ட் அடித்த ரிம்கள். அறுபத்தாறாம் வருஷத்து பியட்டோடு பிறந்தவை. கார் இப்போது வீட்டு போர்ட்டிகோவில் நான்கு இரும்பு முக்காலிகளின் மேல் காலில்லாமல் நிற்கிறது. சக்கரங்களை மட்டும் கழற்றி லோடு ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். நாளை மறுநாள் விடியலில் கிளம்பினால் சேலம், பெங்களூர், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். நாக்பூரில் மச்சினன் ஞானவேலின் ரயில்வே குவார்ட்டர்ஸ். அங்கே வசுமதி இருக்கிறாள். போய் மூன்று மாதமாயிற்று. போன வாரம் போனில், "வந்தா வாங்க, பேசலாம்" என்றாள். வந்தா வாங்க. அந்த இரண்டு சொல்லையும் அவன் ஒரு வாரமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். வராதீங்க என்று சொல்லவில்லையே. தத். தத். டயர் சட்டென்று வாய் பிளந்து ரிம்மைவிட்டு விலகியது. உள்ளே பழைய டியூப் சுருண்டு, ஈரமாய், குடல்போலக் கிடந்தது. கனகசபை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைக்காரி சகாயமேரி மேஜைக்குப் பின்னாலிருந்து பார்த்துச் சிரித்தாள். "இந்த நாலு டயருக்கு நீங்க ஒரு வாரமா வந்துபோறீங்க சார். பொண்ணு பாக்கறதுக்குக்கூட யாரும் இத்தனை நடை நடக்க மாட்டாங்க." அவனும் சிரித்தான். சிரிக்கத் தெரிந்தவன் அவன். அவன் வேலை செயற்கைப் பல் செய்வது. ஊரில் பாதிப் பல் டாக்டர்களுக்கு அவன்தான். கனகசபை மாதிரி பொறுமை யாருக்கும் வராது என்பார்கள். ஒரு வாரமாக யோசித்தது உண்மைதான். முதலில் பழைய மாதிரி நைலான் டயர் என்றான், காருக்கு அதுதான் அழகு, அந்தக் காலத்துப் பூ வரிகள், ஒல்லியான தோள். பிறகு நெடுஞ்சாலையில் மே மாத வெயிலில் மணிக்கணக்காக ஓடினால் நைலான் கொதித்துவிடும் என்று சகாயமேரி சொன்ன அன்று முழுக்க அவனால் ஒரு கடைவாய்ப் பல்லைக்கூட ஒழுங்காகச் செதுக்க முடியவில்லை. கொதிக்கும். கொதித்து உள்நூல் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. தொண்ணூறில் போகும்போது முன் சக்கரம் வெடிக்கும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், கார் ஒருமுறை புரளும், இரண்டுமுறை, கண்ணாடி உள்ளே பாயும், வசுமதியின் தலை கதவில். அங்கே நினைப்பு நின்றது. வசுமதியின் தலை. போகும்போது வசுமதி காரில் இல்லையே, திரும்பும்போதுதானே இருப்பாள், அப்படியானால் வெடிப்பது எப்போதும் ஏன் திரும்பும்போதே வெடிக்கிறது? சரி, ரேடியல் என்று முடிவு செய்தான். அப்புறம் அலாய் ரிம்மும் டியூப் இல்லாத டயரும் போட்டால் பஞ்சரானாலும் காற்று மெல்லத்தான் இறங்கும் என்றாள். அதற்கு மூன்று நாள். பளபளவென்று வெள்ளி ஆரங்கள் போட்ட அலாய் சக்கரத்தை அந்தக் காரில் மாட்டிப் பார்ப்பதாக நினைத்தாலே கிழவிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதுபோல அவனுக்கு உடம்பு கூசியது. கடைசியில் பழைய ரிம், ரேடியல் டயர், உள்ளே புது டியூப். இன்று காலை டயர்கள் வந்து இறங்கியதும் குனிந்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தயாரித்த காலம் சொல்லும் நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்தான், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருஷம். மூன்று டயர் இந்த வருஷம். நான்காவது மூன்று வருஷப் பழசு. "இது கிடங்குல கெடந்தது" என்று அவன் சொன்னபோது குரல் மெல்லியதாகத்தான் இருந்தது. "ஐயோ பாக்கலையே சார், மாத்தித் தரேன்" என்று அவளும் உடனே ஆளனுப்பினாள். அரைமணியில் புதுசு வந்துவிட்டது. ஆனால் அந்த அரைமணியும் கனகசபையின் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் முஷ்டியாக மூடியிருந்தது, நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன, அவன் கண்ணெதிரே சகாயமேரியின் சிரித்த முகம் மேஜைக் கண்ணாடியில் மோதி மோதி உடைந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது. அவன் டீ வாங்கிக் குடித்தான், தாங்க்ஸ் என்றான்.

யாருக்கும் தெரியாது என்பதும் சரியில்லை. வசுமதிக்குத் தெரியும். அவள் ஒருத்திதான் அவன் கை பாக்கெட்டுக்குள் போவதைப் பார்த்தே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அதுவும் அவனுக்குப் பிடிக்காது. என்னைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி ஏன் நடிக்கிறாய்? ஒரு தடவைதான் அடித்திருக்கிறான். கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது அவள் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். வேண்டுமென்று இல்லை, பட்டுப் புடவை, கையில் தாம்பூலப் பை, அவசரம். இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் பேசாமல் ஓட்டினான். பிறகு காரை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, புறங்கையால் அடித்தான். மோதிரம் பல்லில் பட்டது. மேல் வரிசை முன்பல் பாதியாக உடைந்து அவள் மடியில் விழுந்தது. அந்தப் பல்லை அவனேதான் செய்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, அவள் காப்பி குடித்துக் குடித்து லேசாக மஞ்சளான ஓரம்வரை கொண்டுவந்தான். மாட்டிய டாக்டர், "ஒரிஜினலே தோத்துடும்யா" என்றார். அந்தப் பாராட்டு இன்றைக்கும் அவனுக்கு இனிக்கிறது. அடி மறந்துபோயிற்று, பல் நினைவிருக்கிறது. ஒரு தடவைதான். போனைச் சுவரில் எறிந்தது கணக்கில் வராது, உடைந்தது போன். சமையலறையில் தள்ளிவிட்டது அடி ஆகாது, தள்ளினான், அவள் விழுந்த இடத்தில் கிரைண்டர் இருந்தது. அவள் தலைமுடியை. சரி, அது ஒன்று. இரண்டு. அப்பா அடித்து வளர்த்தாரா என்றால் அதுவும் இல்லை. அப்பா குரலை உயர்த்தியதில்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அவனைத் தொட்டதில்லை, நாற்பத்தெட்டு வயதில் அவன் உடம்பு இதுவரை ஒரு அறையும் வாங்கியதில்லை. எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. குடிப்பதில்லை. குடித்தாலாவது பழியை அதன் மேல் போடலாம். மூன்றாவது, மூன்று மாதம் முன்னால். அது அடியே இல்லை. காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். அவள் போர்ட்டிகோவுக்கு வந்து, அண்ணன் மகளுக்குச் சடங்கு, நாக்பூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். எடுத்துவிட்டேன். கேட்கவில்லை, எடுத்துவிட்டாள். அவன் எழுந்தபோது ஜாக்கியின் கம்பி கையில் இருந்தது. கையில் இருந்தது, அவ்வளவுதான். வேறு எதாவது இருந்திருந்தால், ஒரு துணி, ஒரு ஸ்பாஞ்சு. அவள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் நினைத்ததே இல்லை. நினைப்பு அந்தப் பக்கம் போனதும் வழுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அவனேதான் அந்தக் காரிலேயே கொண்டுபோனான், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே சொன்னான், அவளும் தலையாட்டினாள், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே ஓடிய அந்தக் கோட்டை அவனேதான் முதலில் பார்த்தான். "கையில இருந்துச்சு வசு, நான் வேணும்னு செய்யல." அவள் மாவுக்கட்டோடுதான் ரயிலேறினாள்.

தத். தத். இரண்டாவது சக்கரம் முடிந்துவிட்டது, ஆரோக்கியம் அதைச் சுவரில் சாய்த்துவைத்து மூன்றாவதைக் கீழே படுக்கவைத்தார். இருக்கட்டும், அதெல்லாம் முடிந்த கதை. நாக்பூரில் போய் இறங்கும்போது அவள் வாசலுக்கு வருவாள், காரைப் பார்ப்பாள், இத்தனை தூரம் இதிலா வந்தீங்க என்பாள். மனம் இளகிவிடும். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் அவள் பெட்டி, வழியில் நல்ல ஓட்டலாகப் பார்த்துத் தங்கி, இரண்டு நாளில் திருச்சி. இரண்டு நாள். காரில் இரண்டு பேர் மட்டும். ஜன்னலை இறக்குங்க என்பாள், தூசி வரும் என்பான். வழி கேளுங்க என்பாள், எனக்குத் தெரியும் என்பான். ஆதிலாபாத்துக்கு வடக்கே சாலை தேக்குக் காட்டுக்குள் நுழைகிறது என்று வரைபடத்தில் பார்த்திருக்கிறான், பல கிலோமீட்டருக்கு ஊரே இல்லை. அங்கே அவள் ஒன்றைச் சொல்வாள். என்ன சொல்வாள் என்று தெரியவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிகிறது, அந்தப் பல் தெரிகிறது. கார் ஓரங்கட்டும். ஹேண்ட் பிரேக் விழும். அவள் கதவைத் திறந்து இறங்கி நடப்பாள், சருகு நொறுங்கும், யாரும் இல்லை, பின்னால் இன்னொரு ஜோடிக் கால்களின் சத்தம். யாருடைய கால்? கனகசபை அவசரமாக எழுந்து போய்ப் புது டயரின் வரிப்பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தான். நல்ல ஆழம். மழை பெய்தாலும் பிடிக்கும். ஸ்டெப்னிக்கும் ஒரு புதுசு போட்டுவிடலாமா? போட்டுவிடலாம். இரண்டு ஸ்டெப்னி எடுத்துப்போகலாம். காற்று அடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் சாமான், கூடுதலாக இரண்டு டியூப். எதுவும் நடக்கக்கூடாது. வழியில் எதுவும் நடந்துவிடக்கூடாது. "எல்லாம் உறுதிதான் சார், பயப்படாதீங்க" என்றாள் சகாயமேரி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரத்தான இவ்வளவும்? குடுத்துவச்சவங்க." அவன் தலையாட்டினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம். கிறீச்சென்று கூட இல்லை, கிர் என்று. நெம்புகிற கம்பியை ஆரோக்கியம் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே கொடுத்து அழுத்தியபோது அது ஒரு நூலளவு நழுவியது. தந்த நிறப் பெயின்டில் நகக்கண் அளவு உரிந்து, அடியில் இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. ஆரோக்கியம் கம்பியைத் தரையில் வைத்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். "லேசா பட்டுடுச்சு சார். டச்சப் பண்ணிடலாம்" என்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். அந்த எச்சில். அந்தக் கட்டைவிரல். பதினோரு நாள். கனகசபை புது டயர்களின் பக்கத்திலிருந்து நான்கு எட்டு நடந்தான், குனிந்தான், தரையில் கிடந்த கம்பியை எடுத்தான். அது சூடாக இருந்தது, இன்னொரு மனிதனின் உள்ளங்கைச் சூடு. அவன் ஓங்கியதும் ஆரோக்கியம் குந்தியபடியே இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். காய்ந்த கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஆரோக்கியம் கத்தவில்லை. "சார்" என்றார். ஆச்சரியப்பட்டவர்போல, "என்ன சார்" என்றார். பிறகு அந்தக் கையை மற்றக் கையால் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார். கனகசபை மறுபடி ஓங்கினான். கம்பி மேலே போய்விட்டது. மேலே நின்றது. "கையில இருந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். "வேணும்னு செய்யல, கையில இருந்துச்சு." அது அவன் குரல். கையில் இல்லை. நான்கு எட்டு நடந்தான். குனிந்தான். எடுத்தான். போர்ட்டிகோவிலும் ஜாக்கி காருக்கு மறுபுறம், டிக்கிப் பக்கம் இருந்தது. எழுந்தான், சுற்றிக்கொண்டு போனான், கம்பியை ஜாக்கியிலிருந்து உருவினான், அதற்கு ஒரு திருகு திருக வேண்டும், திருகினான், திரும்பி வந்தான். அவ்வளவு நேரமும் வசுமதி நின்ற இடத்திலேயே நின்றாள், ஓடவில்லை, அடிக்கத்தான் எடுக்கிறான் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதமாக இந்த எட்டுகள் எங்கே போயிருந்தன? "சார்." சகாயமேரி மேஜையைச் சுற்றி வந்து அவனுக்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே நின்றாள். நகரவில்லை. "அதக் கீழ போடுங்க."

போட்டான். பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தான், இன்னொருவன் முன்னால் வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காதுக்குள் கொய்யென்றது. வாயில் உப்புக் கரித்தது. இப்படித்தான் இருக்குமா? முதலில் வலியே இல்லை, வெறும் வெளிச்சம், பிறகுதான் முகம் திரும்பி வந்து சேர்கிறது. அறைந்தவனின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அடுத்தது எப்போது விழும் என்று அவன் கையை மட்டும் பார்க்க முடிந்தது. அவன் கையை மட்டும். சகாயமேரி ஒரு ஆட்டோவை நிறுத்தி ஆரோக்கியத்தை ஏற்றினாள். ஏறும்போது அவர், "ரிம்மைப் பாத்து எடுத்து வைங்கம்மா, அந்த ஓரம் இன்னும் உக்காரல" என்றார், வலியில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல். அவள் திரும்பி அந்த இரண்டு பேரிடமும் சொன்னாள். "போலீசுக்குச் சொல்லிட்டேன். இனி யாரும் அவர் மேல கை வைக்க வேணாம். வர்ற வரைக்கும் உக்கார வைங்க." டயர் அடுக்கு ஒன்றின் மேல் அவனை உட்காரவைத்தார்கள். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"யாருக்கு? வக்கீலுக்கா?" என்றான் அறைந்தவன்.

"வீட்டுக்கு."

நாலைந்து மணி அடித்தபின் வசுமதி எடுத்தாள். "கிளம்பிட்டீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடுகிற இரைச்சல். ஞானவேல் வீட்டில் ஒரு தையல் மிஷின்கூடக் கிடையாது.

"இல்ல. டயர் கடையில இருக்கேன்."

"ம்."

"ஒருத்தரை அடிச்சுட்டேன் வசு. டயர் மாட்டறவரை. கை ஒடிஞ்சிருச்சு."

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அங்கிருந்து எழுந்து எங்கோ நடந்தாள்போல, இரைச்சல் மெல்லக் குறைந்தது. ஒரு கதவு சாத்தும் சத்தம், மெதுவாக.

"எந்தக் கை?" என்றாள்.

"இடது."

அவன் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும், இப்போதே, நினைப்பு மறுபடி வழுக்கிக்கொண்டு போவதற்குள். "நான் அங்க வந்தா கதவைத் திறக்காத. ஞானவேல்கிட்டயும் சொல்லிவை. என்ன சொன்னாலும் திறக்காதீங்க. அழுதாலும் திறக்காதீங்க." சொல்லி முடித்ததும் வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதுபோல இருந்தது.

"நான் நாக்பூர்லயே இல்லைங்க" என்றாள் வசுமதி.

"வர்றேன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கு மறுநாளே கிளம்பிட்டேன். இங்க வேலையும் கிடைச்சிருச்சு. அண்ணனுக்குத் தெரியும். வந்தா வாங்கன்னு சொன்னது, நீங்க அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருக்கட்டும்னுதான்."

"எங்க இருக்க?"

வாயிலிருந்து அது தானாக வந்தது. பழைய குரலில் வந்தது. சட்டையைப் பிடித்திருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தீங்களா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "போலீஸ் வருமா?" என்றாள்.

"வரும்."

"வந்தா இந்த நம்பரைக் குடுங்க. என்னைக் கேட்டா நானும் சொல்றேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு இல்ல. நடந்ததை." போன் அணைந்தது.

ஏட்டு வந்து இறங்கும்போது வெயில் கடைக்குள் பாதிவரை வந்துவிட்டது. கம்பியைப் பார்த்தார், பாதி மாட்டிய சக்கரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நோட்டை விரித்தார். பேர் கேட்டார், சொன்னான். விலாசம் சொன்னான். "என்ன வேலை?" "பல் செய்யறேன்." ஏட்டு ஒருமுறை நிமிர்ந்துவிட்டு எழுதினார். "வீட்ல யாரு இருக்கா?" "யாரும் இல்லை. மனைவி தனியா இருக்காங்க. அவங்ககிட்ட நீங்க பேசணும்." "நான் பேசணுமா? எதுக்கு?" "பேசணும்" என்றான். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, நம்பர் சொல்லுங்க என்றார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். எட்டு எண் வந்தாயிற்று. ஒன்பதாவதில் நாக்கு நின்றது. ஒன்றை மாற்றிச் சொன்னால் போதும். ஐந்து என்றால் ஐந்து, ஏழு என்றால் ஏழு, இவருக்கு என்ன தெரியும்? காசு கொடுத்தால் ஆரோக்கியம் வழக்கை விட்டுக்கொடுக்கலாம், கன்னம் ஆறிவிடும், கார் முக்காலியிலிருந்து இறங்கிவிடும், ஞானவேல் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பான். நினைப்பு இப்போதே ஓடத் தொடங்கிவிட்டது, எவ்வளவு வேகம், எவ்வளவு சீராக. ஏட்டின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. "ம், சொல்லுங்க" என்றார். அவன் வலது கை பாக்கெட்டுக்குள் போகப் பார்த்தது. அதை எடுத்து முட்டியின் மேல் விரித்து வைத்தான்.

"ரெண்டு" என்றான். பிறகு, "ஒன்பது."

ஏட்டு பத்து எண்ணையும் முதலிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினார்.

"சரிதான்" என்றான் கனகசபை.